பட்டியலில் இல்லாத பெட்டி

நான்கு வருடங்களுக்கு முன்னால், ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில், சிங்கப்பூரில் கிளமெண்டி வட்டாரத்தில் ஒன்பதாவது மாடியில் இருந்த எங்கள் வீட்டில் நடந்தது இது. என் கணவரைத் தவிர வேறு யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் கேட்பவர்களுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடும் என்ற பயம்தான். இப்போது அந்தப் பயத்தைவிட இதைச் சுமப்பது பெரிய தொல்லையாகிவிட்டது.

மகளின் படிப்பு, கணவருக்குக் கிடைத்த வேலை, எனக்கே இங்கே ஓடி ஓடி வந்திருந்த அலுப்பு எல்லாம் சேர்ந்து, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குக் குடிபெயர்வது என்று முடிவு செய்திருந்தோம். விசா என்றால் சும்மா இல்லை. ஆங்கிலத் தேர்வு, வேலைச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ், நெஞ்சு எக்ஸ்ரே என்று ஒன்றரை வருடம் பிடித்தது. எல்லாவற்றுக்கும் நான்தான் பட்டியல் போட்டு, முடிந்ததைப் பச்சையில் அடித்துக்கொண்டு வந்தேன். பட்டியல் போடுவது எனக்கு ஒரு வியாதி. நீ செத்தால்கூட யார் யாருக்குச் சொல்லணும் என்று லிஸ்ட் போட்டு வைத்துவிட்டுத்தான் போவாய் என்று கணவர் கிண்டல் செய்வார்.

அந்த வியாதி அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் டேலி கிளார்க்காக இருந்தவர். கப்பலில் ஏற்றும் ஒவ்வொரு சரக்கையும் கையில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு, எண்ணி, டிக் அடிக்கிற வேலை. பட்டியலில் உள்ளது கப்பலில் ஏற வேண்டும், கப்பலில் ஏறியது பட்டியலில் இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சந்தையிலிருந்து நான் கொண்டுவரும் முட்டையைக்கூட எண்ணித்தான் உள்ளே வைப்பார். அம்மா போன பிறகு தன் மூவறை வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிட்டார். நான் அவருக்கு ஒரே பிள்ளை.

விசா எங்கள் மூன்று பேருக்குத்தான். வயதான பெற்றோரைக் கூட்டிக்கொள்ள முடியுமா என்று விசா ஏஜெண்டிடம் கேட்டேன். அதற்கு இருக்கும் வரிசை உங்கள் அப்பாவின் ஆயுளைவிட நீளம், சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. சர்க்கரை உண்டு, கைத்தடி உண்டு, மற்றபடி தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார். கணவர் அன்றைக்கே சொன்னார், மாமாவிடம் இப்போதே சொல்லிவிடலாம், தள்ளிப்போடப் போட இன்னும் கஷ்டமாகும் என்று. நான் கேட்கவில்லை. அப்பாவிடம் போய், "மொதல்ல நாங்க போறோம்பா. வீடு பாத்து செட்டில் ஆனதும் ஆறு மாசத்துல உங்களுக்கும் விசா எடுத்துடுறோம். அதுவரைக்கும் ஒரு நல்ல ஹோம்ல இருங்க" என்றேன். சிங்கப்பூரின் வடகோடியில், உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்கு இடம் பார்த்திருந்தேன். ஆறு மாதத்துக்கு இல்லை. கடைசிவரைக்கும்.

அவர் மனம் உடையக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. விமானம் ஏறிவிட்டால் போனில் பேசிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று, அப்பா இவ்வளவு சந்தோஷப்படுவார் என்பது. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த காப்பிக்கடையில் அவருக்கு ஒரு கூட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் பழைய துறைமுகக் கூட்டாளிகள் உண்டு. எல்லாரிடமும் சொல்லிவிட்டார். சிராங்கூன் சாலைக்குத் தனியாகப் பஸ்ஸில் போய் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சுவெட்டர் வாங்கி வந்து, கிளமெண்டி வெயிலில் ஃபேனை நாலில் வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பெர்த்தில் ரயில் எந்தப் பக்கம் ஓடுகிறது, முருகன் கோயில் எத்தனை மைல் என்றெல்லாம் மகளின் ஐபேடில் பார்த்து வைத்துக்கொண்டார். காப்பிக்கடைக் கூட்டத்துக்குப் புரோட்டாவும் டீயும் வாங்கிக்கொடுத்து விருந்து வைத்தார். அவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு மஃப்ளர் வாங்கிக்கொடுத்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் மண், விதை, மரச்சாமான் விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. கடலில் போகும் சாமான்களில் ஒரு காய்ந்த இலை இருந்தால்கூடப் பெட்டியைப் பிரித்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு, நான் வீட்டில் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் ஒருநாள் அப்பா கழுத்தில் ருத்ராட்சத்தைக் காணோம். அம்மா வாங்கிக்கொடுத்தது, குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார். எங்கே என்று கேட்டால், அதுவும் விதைதானே, உனக்கு எதற்கு வம்பு என்று கோயிலில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். அந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரம் எனக்குத் தலைக்கு மேல் வேலை. நல்லதாப் போச்சுப்பா என்று சொல்லிவிட்டு மாடிப்படிப் பக்கம் நிறுத்தியிருந்த சைக்கிளை மண் போகக் கழுவப் போனேன்.

சாமான் அனுப்பும் கம்பெனியிலிருந்து ஒருவர் இரண்டு வாரம் முன்னாலேயே வந்து ஒவ்வோர் அறையாகப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருந்தார். எது போகிறது, எது போகவில்லை என்று இரண்டு பட்டியல். போகாததை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது அப்பா கீழே காப்பிக்கடையில் இருந்தார்.

அந்தப் பட்டியல் போட்டு ஒரு வாரம் கழித்து, என் பெட்டியையும் கப்பலிலேயே அனுப்பிவிடு, நான் வரும்போது கை வீசிக்கொண்டு வருகிறேன் என்றார் அப்பா. சரி என்றேன். வேறு என்ன சொல்வது? ஒரு பெரிய அட்டைப்பெட்டியை எடுத்து அவரே கட்டினார். சுவெட்டர், மஃப்ளர், அம்மாவின் படம், துறைமுகத்தில் கொடுத்த கேடயம், இரண்டு வேட்டி, ஒரு ரேடியோ. ஒவ்வொன்றையும் நாளிதழில் சுற்றினார். உள்ளே இருப்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதி மேலே ஒட்டினார். நாலு பக்கமும் மார்க்கர் பேனாவால் தன் பெயரையும் பெர்த் என்றும் கொட்டை எழுத்தில் எழுதினார். ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினால் அடுக்கும்போது அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துவிடும், அப்புறம் தேடணும் என்றார். நான் பக்கத்தில் நின்று டேப் வெட்டிக்கொடுத்தேன்.

என் திட்டம் இதுதான். பெட்டியை அவர் அறையிலேயே விட்டுவிடுவது. கண்டெய்னர் நிறைந்ததும், இடம் பத்தவில்லை, அப்புறம் விமானத்தில் அனுப்பிக்கொள்ளலாம் என்று சொல்வது. சாமான் ஏற்ற வந்த குழுவின் மேஸ்திரி தமிழ்நாட்டுக்காரர். காலையில் வந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பா இருந்த பின்னறையில் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

ஆனால் வாசலில் நின்று எண்ணிச் சரிபார்க்க வீட்டு ஆள் ஒருவர் வேண்டும் என்று மேஸ்திரி கேட்டார். அது அவர்கள் வழக்கம். பெட்டிக்குப் பெட்டி நம்பர் ஒட்டியிருக்கும். அவர்கள் நம்பரைச் சொல்லச் சொல்ல நாம் தாளில் டிக் அடிக்க வேண்டும். நான் அடுப்படியில் மாட்டிக்கொண்டிருந்தேன். கணவர் கீழே லாரிப் பக்கம். அப்பா, குடு, அது என் வேலைதானே என்று தாளை வாங்கிக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒரு நிமிடம் திக்கென்றது. அப்புறம், பாவம், பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவருக்குக் கொடுத்த தாளில் கடைசிப் பக்கமும் சேர்த்துப் பின் அடித்திருந்ததை நான் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கவனிக்கிறவள் என்று பெயர் எடுத்தவள் நான்.

காலை முழுக்க அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கணீர்க் குரலை நான் கேட்டதில்லை. நாப்பத்தேழு, ஓகே. நாப்பத்தெட்டு, ஓகே. நாப்பத்தொம்பது எங்க, நாப்பத்தொம்பத தாண்டிட்டீங்க தம்பி. வந்திருந்த பையன்கள் அவரை ஐயா ஐயா என்று கூப்பிட்டு நன்றாக ஒட்டிக்கொண்டார்கள். பன்னிரண்டு மணி வாக்கில் நூற்றுப் பன்னிரண்டாவது பெட்டியும் போனது. அதுதான் கடைசி.

நான் கையில் டேப்போடு வெளியே வந்தபோது, அப்பா அந்தப் பையன்களில் ஒருவனை அனுப்பித் தன் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார். மேலே வையுங்கள், கீழே வைத்தால் நசுங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேஸ்திரி பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுல நம்பர் இல்லயே ஐயா."

"ஒட்ட மறந்திருப்பீங்க. லிஸ்ட்ல இருக்கும், இருங்க பாக்குறேன்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்துத் தேட ஆரம்பித்தார். நூற்றுப் பன்னிரண்டு வரியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்போது ஒரு வார்த்தை சொல்லி அந்தத் தாளை அவர் கையிலிருந்து நான் வாங்கியிருக்கலாம். கை வரவில்லை. அவர் பக்கத்தைத் திருப்பினார். ஏற்ற வேண்டாம் என்ற தலைப்புக்குக் கீழே பழைய சோபா, துணி காயப்போடும் ஸ்டாண்டு, அதற்கு அடுத்த வரியில் 'அப்பா ரூம், எல்லாம்' என்று என் கையெழுத்தில் இருந்தது. கீழே என் ஒப்பமும் தேதியும். அவர் விரல் அந்தத் தேதியில் நின்றது. பெட்டி கட்டியதற்கு ஒரு வாரம் முந்தைய தேதி.

லிஃப்ட் வந்து கதவு திறந்து மூடிக்கொண்டது.

பிறகு அவர் பேனாவை மூடி மேஸ்திரியிடம் தாளைக் கொடுத்தார். "லிஸ்ட்ல இல்லாத சரக்கு ஏறக்கூடாது தம்பி. நூத்திப் பன்னெண்டு. கணக்கு சரியா இருக்கு, வண்டிய எடுங்க." எண்ணியவர் என்ற முறையில் நீங்களே கையெழுத்துப் போடுங்கள் ஐயா என்று மேஸ்திரி நீட்டினார். அப்பா என் பக்கம் கையைக் காட்டி, "ஓனர் போடணும்லா, எம் மக போடுவா" என்றார். நான் போட்டேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் குனிந்து பெட்டியை உள்ளே தள்ள ஆரம்பித்ததும், ஒரு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தது என் வாயிலிருந்து தானாக வந்தது. "இடம் பத்தலப்பா, ஏர்ல அனுப்பிக்கலாம்." சரிம்மா என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. உதவிக்கு வந்த பையனை வேண்டாம் என்று கைகாட்டிவிட்டுத் தானே பின்னறைவரை தள்ளிக்கொண்டு போனார். என்னை நான் அவ்வளவு அருவருப்பாக உணர்ந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அன்று மாலை காலி ஹாலில் தரையில் உட்கார்ந்து கட்டிச்சோறு பிரித்துச் சாப்பிட்டோம். கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு கீழே போய்விட்டார், வேண்டுமென்றேதான். அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதேன். அப்பா அழவில்லை, கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார், இது உனக்கு எப்போது தெரியும் என்று. விசா வந்தபோதே தெரியும் என்றேன்.

"அப்ப நான் சுவெட்டர் வாங்குறதுக்கு முன்னாடியே."

அவர் கை கழுத்துப் பக்கம் போய், அங்கே ஒன்றும் இல்லாததால் சட்டைக் காலரைத் தடவிவிட்டுக் கீழே வந்தது.

அதற்கப்புறம் மூன்று நாள் அந்த வீட்டில் இருந்தோம். அவர் காப்பிக்கடைக்குப் போகவே இல்லை. விருந்து வைத்து, மஃப்ளர் வாங்கிக்கொண்டு, எல்லாரிடமும் விடைபெற்றாகிவிட்டது. எந்த முகத்தோடு கீழே போவார்? இரண்டாம் நாள் மட்டும் என்னைக் கூப்பிட்டு, கீழே யாரிடமும் நீ எதுவும் சொல்லாதே, நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. உட்லண்ட்ஸ் இல்லத்தில் அவரை விட்டபோது கட்டில், அலமாரி, ஜன்னல் எல்லாம் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, நீங்க கிளம்புங்க, டிராஃபிக் ஆயிடும் என்றார்.

பெர்த்தில் எங்கள் நூற்றுப் பன்னிரண்டு பெட்டியும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. வாரம் இரண்டு முறை அப்பாவுக்கு வீடியோ கால் போடுவோம். பேத்தியின் ஸ்கூலைப் பற்றிக் கேட்பார், அங்கே மழையா என்று கேட்பார். தான் அங்கே எப்போது வருவது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறு வருடம் நான் மட்டும் ஒரு வாரம் சிங்கப்பூர் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவரை இல்லத்திலிருந்து கூட்டிக்கொண்டு தேக்கா உணவங்காடிக்குப் போனேன். ரொம்ப மெலிந்திருந்தார். மீன் குழம்பை நாலு வாய் சாப்பிட்டு ஒதுக்கிவிட்டார். அப்போது அவருடைய பழைய துறைமுகக் கூட்டாளி ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஊரே கேட்கிற மாதிரி பேசுகிறவர்.

"உங்கப்பா மாதிரி பிடிவாதக்காரர நான் பாத்ததே இல்லம்மா. மக எல்லாம் ரெடி பண்ணி வெச்சிட்டு கெஞ்சியிருக்கா, இந்த மனுசன் கடைசி நேரத்துல குளிரு ஒத்துக்காது, நான் வரலன்னுட்டாராம்லா. நீ அப்படி அழுதியாம். நாங்க எல்லாரும் நல்லா ஏசினோம்."

அப்பா டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அப்பா நிமிர்ந்து, "அவருக்கு ஒரு தே வாங்கிட்டு வாம்மா, கோசோங்" என்றார். சர்க்கரை போடாத டீ. எழுந்து போனேன். வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். திரும்பி வந்து கிளாஸை வைத்தேன். பெரியவர் மறுபடியும், இப்பவாவது கூட்டிட்டுப் போயேன் என்றார். அதற்கு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சொன்னா எங்க அங்கிள் கேக்குறாரு."

பெரியவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். என்னைப் பார்த்து, பரவாயில்லை என்கிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினார்.

திரும்பி வரும்போது டாக்சியில் கேட்டேன், ஏன்பா அப்படிச் சொன்னீங்க என்று. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "வேற எப்படிச் சொல்றது? மக விட்டுட்டுப் போயிட்டான்னா உன்னப் பேசுவாங்க. எனக்கும் அது நல்லா இல்ல." அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. வெயில் ரொம்ப ஜாஸ்தியாகிவிட்டது என்றார்.

அடுத்த டிசம்பரில் குளியலறையில் விழுந்து, ஆஸ்பத்திரியில் நிமோனியா வந்து, ஐந்தாம் நாள் போய்விட்டார். நான் வந்து சேர்ந்தபோது முடிந்துவிட்டிருந்தது. மண்டாய் மயானத்தில் தகனத்துக்குக் காப்பிக்கடைக் கூட்டமும் தேக்காக் கூட்டமும் வந்திருந்தது. ஒவ்வொருவராக என் கையைப் பிடித்து, நீ எவ்வளவோ கூப்பிட்டாய், அவர்தான் பிடிவாதமாக இருந்துவிட்டார், மனசைத் தேற்றிக்கொள் என்றார்கள். நான் எல்லாருக்கும் தலையாட்டினேன்.

பெர்த் வாழ்க்கை நன்றாகத்தான் போகிறது. மகள் நன்றாகப் படிக்கிறாள். வந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. விசா விதியை நான் எழுதவில்லை, அதை மாற்றியிருக்கவும் முடியாது. ஆனால் அவர் வர முடியாது என்பதை அவரிடம் முதல் நாளே சொல்லியிருக்க முடியும். அவருக்கென்று ஒரு முடிவு எடுக்க அவகாசம் இருந்திருக்கும். கிளமெண்டியிலேயே ஒரு சின்ன வீடு பார்த்திருப்பார். கூட்டாளிகளோடு சாயங்காலம் டீ குடித்திருப்பார். அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது விசா அதிகாரி இல்லை, நான்தான்.

அந்தக் காப்பிக்கடையிலிருந்தோ தேக்காவிலிருந்தோ யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், அன்று மேசையில் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அப்பா வரமாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை, நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. இதை எழுதுவதால் எனக்கு மன்னிப்புக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. பிடிவாதக்காரர் என்று எனக்காக அவர் வாங்கிக்கொண்ட பெயராவது அவரை விட்டுப் போகட்டும்.